அவகாசம்

காலை எட்டரை மணிக்கே அந்த நீண்ட பெஞ்சில் இடமில்லை. ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கட்டைப்பை. அதற்குள் எக்ஸ்ரே கவர், ஈசிஜி தாள், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், காப்பீட்டு அட்டையின் ஜெராக்ஸ். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் மயக்கவியல் பிரிவு அது. ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்தவர்கள் இங்கே வந்து ‘ஃபிட்னஸ்’ வாங்கிப் போக வேண்டும். எழுதுவதற்காக அனுமதி கேட்டு, மயக்க மருத்துவரின் மேசைக்குப் பின்னால், எடை மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பேசக் கூடாது, யார் பெயரையும் எழுதக் கூடாது என்பது ஏற்பாடு.

முதலில் வந்த பையனுக்குக் குடலிறக்கம். ஐந்து நிமிடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். அடுத்து வந்த பெரியவரின் சட்டையில் பீடி வாசம்.

“பீடி குடிப்பீங்களா ஐயா?”

“விட்டாச்சும்மா.”

“எப்ப விட்டீங்க?”

பெரியவர் மகளைப் பார்த்தார். மகள், “நேத்து டாக்டர்” என்றாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “நேத்து விட்டதும் நல்லதுதான். ஒரு நாள் விட்டாக்கூட ரத்தத்துல ஆக்சிஜன் கூடும். நாலு வாரம் விட்டா நெஞ்சு தேறும். அப்படியே விட்டுடுங்க” என்றார். பெரியவர் தலையாட்டினார்.

மூன்றாவதாக அழைக்கப்பட்டவர் வாசலிலிருந்து நாற்காலிக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றார். பத்தடி தூரம்தான். ஒல்லியான உடம்பு, மூக்குத்தி, முன்னங்கையில் வரிசையாகப் பழைய சூட்டுத் தழும்புகள். இட்லிப் பானையின் ஆவி போட்ட தழும்புகள் அவை. நாற்பது வருடமாக இட்லிக் கடை, விறகடுப்பு. வயது 58. ஆறு மாதத்தில் மூன்று முறை பித்தப்பைக் கல் வலி வந்துவிட்டது. ஒரு முறை காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. அடுத்த வாரம் லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுக்கத் தேதி கொடுத்திருந்தார்கள். சின்ன வயதில் வந்த மூட்டுவலிக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கியிருந்தது. 12 வருடத்துக்கு முன் பலூன் வைத்து அதை விரித்திருக்கிறார்கள்.

டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார். பயிற்சி மருத்துவர் ஒருவர் அதே நேரத்தில் மணிக்கட்டைப் பிடித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருவரும் முழுதாக ஒரு நிமிடம் எண்ணினார்கள். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

“எனக்கு 112. உனக்கு?”

“90 மேடம்.”

நெஞ்சுக்கும் கைக்கும் நடுவே 22 துடிப்பு காணாமல் போயிருந்தது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும் நிலை இது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். கீழறைக்கு வரும் கட்டளைகள் தாறுமாறாக வரும். சில துடிப்பில் ரத்தம் நிறைவதற்குள் இதயம் சுருங்கிவிடும். அந்தத் துடிப்பு மணிக்கட்டை எட்டுவதில்லை. நடுங்கும் அறையில் தேங்கிய ரத்தம் உறையும். உறைந்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால்தான் அவர் தினமும் அசிட்ரோம் மாத்திரை போடுகிறார்.

டாக்டரம்மா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். குச்சியை உரசி, அந்த அம்மாவின் முகத்துக்கு அரையடி தள்ளிப் பிடித்தார்.

“உதட்டைக் குவிக்காம, வாயைத் திறந்தே ஊதி அணைங்கம்மா.”

அவர் ஊதினார். சுடர் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. மறுபடி ஊதினார். சுடர் சாயக்கூட இல்லை. குச்சி விரல் வரை எரிந்து வந்ததும் டாக்டரம்மாவே அதை உதறி அணைத்தார். நாற்பது வருடம் ஊதாங்குழலால் அடுப்பை எரியவிட்ட மூச்சு அது. இப்போது ஒரு தீக்குச்சியை அணைக்கப் போதவில்லை.

“சரி. ஒரே மூச்சுல எண்ணுங்க, எவ்வளவு வருதுன்னு பார்ப்போம்.”

அந்த அம்மா மூச்சை இழுத்து, கடையில் இட்லி எண்ணுகிற கணக்கில் ஆரம்பித்தார். “லாபம், ரெண்டு, மூணு, நாலு…” பதினொன்றில் மூச்சு நின்றது. விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் அளவை 91 என்று காட்டியது.

“என்னென்ன மாத்திரை போடுறீங்க? எல்லாத்தையும் சொல்லுங்க.”

மகன் சீட்டை நீட்டினார். திருப்பூர் பனியன் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தவர். சீட்டில் அசிட்ரோம் இருந்தது, இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் இருந்தது. டாக்டரம்மா சீட்டைப் படித்துவிட்டு அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேற?”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு இடுப்பிலிருந்து சுருக்குப்பை வந்தது. அதற்குள் மடித்த காகிதம், காகிதத்துக்குள் வெள்ளை மாத்திரைகள்.

“இது இளைப்புக்குத் தாயி. மெடிக்கல்ல கேட்டு வாங்குனது. ரெண்டு வருஷமா இது போட்டாத்தான் அடுப்படியில நிக்க முடியுது.”

டாக்டரம்மா மாத்திரையைத் திருப்பிப் பார்த்தார். தியோஃபிலின் வகை. மூச்சுக்குழாயை விரிக்கும், கூடவே இதயத்தையும் ஓட வைக்கும். ஒரு மாத்திரை இதயத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்க, இன்னொன்று இரண்டு வருடமாக அதை விரட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மகனுக்கே அது தெரியாது. எக்கோ, ஈசிஜி, எக்ஸ்ரே எதிலும் இல்லாத செய்தி அந்தச் சுருக்குப்பையில் இருந்தது.

“இப்ப வேண்டாம். மூணு வாரம் கழிச்சுச் செய்யலாம்.”

மகன் எழுந்தே விட்டார். “மேடம், இந்தத் தேதி கிடைக்கவே ரெண்டு மாசம் ஆச்சு. முதுகுல ஊசி போட்டு முடிச்சிடலாமே?”

“உட்காருங்க தம்பி.” அவர் குரல் உயரவில்லை. “அம்மா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்க. அந்த நேரத்துல முதுகுல குத்தினா தண்டுவடம் பக்கத்துல ரத்தம் கட்டலாம். அதை நிறுத்தி வெச்சுப் போட்டாலும், முதுகு ஊசியில ரத்த அழுத்தம் சடார்னு இறங்கும், இந்த வால்வு அதைத் தாங்காது. வயித்துக்குள்ள காத்து நிரப்பும்போது முழிச்சிருந்து மூச்சு விட அவங்களுக்குத் தெம்பும் இல்ல. முழு மயக்கம்தான் குடுக்கணும்.” ஒரு தாளை எடுத்துக் குறுகிய வாசல் ஒன்றை வரைந்தார். “வால்வு சின்னது. ரத்தம் அது வழியா இறங்க நேரம் வேணும். இதயம் வேகமா ஓடினா அந்த நேரம் கிடைக்காது, ரத்தம் பின்வாங்கி நுரையீரல்ல போய் நிக்கும். நுரையீரலும் அப்படித்தான். உள்ள போன காத்து வெளிய வர இவங்களுக்கு ரொம்ப நேரம் ஆகுது. ரெண்டுக்கும் தேவை அவகாசம். இந்த மூணு வாரம் அதுக்குத்தான்.”

மகன் உட்கார்ந்தார். டாக்டரம்மா அறுவை மருத்துவருக்கு போன் போட்டு, புதுத் தேதியை அங்கேயே வாங்கினார்.

பிறகு ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுத்தார். மூன்று அறைகள், மூன்று பந்துகள், ஒரு குழாய். அறைகளின் மேல் 600, 900, 1200 என்று எழுதியிருந்தது. அந்த அம்மா குழாயை வாயில் வைத்து முழு பலத்தோடு ஊதினார். பந்துகள் அசையவில்லை.

“ஊதக் கூடாதும்மா. இழுக்கணும்.”

அவருக்கு அது புரியக் கொஞ்ச நேரமாயிற்று. ஊதித்தான் பழக்கம். கடைசியில் இழுத்தபோது முதல் பந்து பாதி உயரம் ஏறி விழுந்தது. “ஏறுதே!” என்று மகனைப் பார்த்துச் சொன்னார். முகத்தில் அன்று வந்த முதல் சிரிப்பு.

சுருக்குப்பை மாத்திரை நின்றது. அதற்குப் பதிலாக, இதயத்தை அதிகம் சீண்டாத டையோட்ரோப்பியம் இன்ஹேலர் வந்தது. மெட்டோப்ரோலாலின் அளவு மாறியது. மணிக்குப் பத்துத் தடவை பந்துப் பயிற்சி. மூன்று வாரத்துக்கு விறகடுப்புப் பக்கமே போகக் கூடாது.

மூன்று வாரம் கழித்து நானும் போனேன். அதே நாற்காலி, அதே தீப்பெட்டி. இந்த முறை குச்சி உரசியதும் அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் ஊதலில் சுடர் படுத்தது. இரண்டாவதில் அணைந்தது. அறையில் கரிமருந்து வாசம். எண்ணிக்கை பதினேழு வரை போனது. நெஞ்சில் 82, மணிக்கட்டில் 78. டாக்டரம்மா ‘ஃபிட்னஸ்’ தாளில் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் அன்று காலை ஏழேகாலுக்குப் பச்சை உடையும் முகக்கவசமும் கொடுத்து என்னைத் தியேட்டர் மூலையில் நிறுத்தினார்கள். அசிட்ரோமைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்தி, இடைக்காலத்துக்கு வயிற்றுத் தோலுக்கடியில் ஹெப்பாரின் ஊசி போட்டு, அதன் கடைசி ஊசி போட்டு ஒரு நாள் ஆகியிருந்தது. ரத்தம் உறையும் வேகத்தைச் சொல்லும் ஐஎன்ஆர் 1.3. மூக்குத்தி கழலவில்லை. நாற்பது வருடத்தில் தோலோடு ஒன்றிவிட்டது. அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டினார்கள்.

“காலையில இதய மாத்திரை போட்டீங்களாம்மா?”

“பச்சத் தண்ணி குடிக்கக் கூடாதுன்னாங்க. ஆனா சிஸ்டர்தான் ஒரு வாய்த் தண்ணியில போட்டுக்கச் சொன்னாங்க.”

டாக்டரம்மா சிஸ்டரைப் பார்த்துத் தலையசைத்தார். வெறும் வயிறு என்பதற்காக இந்த மாத்திரையை விட்டுவிட்டு வருகிறவர்கள் நிறைய. மேசையில் இதயம் தறிகெட்டு ஓட அது ஒன்றே போதும்.

முழு மயக்கத்தின் வரலாற்றில் இதயமா, மூச்சா என்ற வழக்கு பழையது. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் கொடுத்து மயக்கிக் காட்டினார். அடுத்த வருடமே குளோரோஃபார்ம் வந்தது. 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் நகம் எடுக்கக் கொடுத்த குளோரோஃபார்மில் இறந்துபோனாள். நின்றது இதயமா, மூச்சா என்று உலகமே வாதாடியது. அந்த வழக்கு நம் பக்கத்து ஹைதராபாத்துக்கும் வந்தது. நிஜாம் அரசின் செலவில், எட்வர்ட் லாரி என்ற மருத்துவர் 1888-லும் 1889-லும் இரண்டு ஆய்வுக் குழுக்களை நடத்தினார். மூச்சுதான் முதலில் நிற்கிறது, மூச்சைக் கவனித்தால் போதும் என்பது அவர்கள் தீர்ப்பு. 1911-ல் லண்டனில் குட்மன் லெவி என்ற மருத்துவர், லேசான குளோரோஃபார்ம் மயக்கத்திலேயே இதயம் திடீரென்று தாளம் தப்பி நின்றுபோகும் என்று காட்டினார். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்பதே மிஞ்சிய பாடம். ஜப்பானில் தகுவோ அவோயாகி 1974-ல் வெளியிட்ட தத்துவத்தில் பிறந்த பல்ஸ் ஆக்சிமீட்டர் அந்த இரண்டையும் ஒரே விரல் நுனிக்குக் கொண்டுவந்தது. துடிப்புக்கு ஒரு ஒலி. ஆக்சிஜன் குறைந்தால் அந்த ஒலியின் சுருதி இறங்கும்.

அந்த ஒலி இப்போது தியேட்டரை நிறைத்துக்கொண்டிருந்தது. பீப்… பீப் பீப்… பீப்… பீப் பீப். தாளம் பழகாத கை தட்டுவதுபோல. மணிக்கட்டுத் தமனியில் மெல்லிய ஊசி ஒன்று ஒவ்வொரு துடிப்பின் ரத்த அழுத்தத்தையும் திரையில் வரைந்தது. டீஃபிப்ரிலேட்டர் சுவரோரம் தயாராக நின்றது. தட்டில் பெயரெழுதிய சிரிஞ்சுகள்.

“பூ வாசம் பிடிக்கிற மாதிரி இழுங்கம்மா. மெதுவா விடுங்க.”

முகமூடி வழியாக ஐந்து நிமிடம் வெறும் ஆக்சிஜன். அதன் பிறகே மருந்து. ரத்த அழுத்தத்தை அதிகம் சாய்க்காத எட்டோமிடேட்டைத் துளித்துளியாகச் செலுத்தினார். அந்த அம்மாவின் கை, டாக்டரம்மாவின் சட்டை நுனியைப் பிடித்திருந்தது. பிடி தளர்ந்ததும் அதை எடுத்துப் போர்வைக்குள் வைத்தார்கள். தொண்டையில் குழாய் இறங்கியபோது துடிப்பு 118-க்குப் போய், தானே 90-க்கு வந்தது.

மஞ்சள் நிறக் குமிழைத் திருப்பி செவோஃப்ளுரேன் வாயுவைத் திறந்தார். மூச்சுக்குழாயை உறுத்தாமல் விரித்துக்கொடுக்கிற வாயு அது. வென்டிலேட்டரை நிமிடத்துக்கு 10 மூச்சு என்று வைத்தார். ஆறு வினாடிக்கு ஒரு மூச்சு. ஒன்றரை வினாடி உள்ளே, நாலரை வினாடி வெளியே. பக்கத்தில் நின்ற பிஜி மாணவர் வேகத்தைக் கூட்டக் கை கொண்டுபோனார். “வேண்டாம். முழுசா வெளிய வரட்டும். உள்ளயே தேங்கினா நெஞ்சுக்கூடு இறுகி இதயத்தை அமுக்கும்.” திரையில் கரியமில வாயுவின் கோடு மேசை விளிம்புபோல் தட்டையாக இருக்க வேண்டியது, சுறாத் துடுப்புபோல் சரிந்து ஏறியது. புகை குடித்த நுரையீரலின் கையெழுத்து.

அறுவை மருத்துவர் வயிற்றுக்குள் வாயுவைச் செலுத்த ஆரம்பித்தார். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. ஒலி நெருங்கியது. 104, 121, 138. தமனிக் கோடு உயரம் குறைந்து, சில துடிப்புக்கு அலையே எழவில்லை. சுருதி ஒரு படி இறங்கியது.

“சார், நிறுத்துங்க. காத்தை விட்டுடுங்க.”

அறுவை மருத்துவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாயு வெளியேறும் சத்தம் கேட்டது. கருவிகளை எடுத்துவிட்டு, இரு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கோத்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா ஒரு சிரிஞ்சை எடுத்தார். எஸ்மோலால். இதயத்தின் வேகத்தைக் குறைக்கும், ஆனால் ஒன்பது நிமிடத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். மூச்சுக்குழாய் இறுகினாலும் நீண்ட நேரம் தொல்லை தராது. இதயத்துக்குக் கொடுப்பது நுரையீரலுக்கு ஆகாமல் போகிற இப்படிப்பட்ட உடம்புக்கு, சீக்கிரம் விலகிக்கொள்கிற மருந்தே நம்பகமானது. கொஞ்சம் செலுத்தினார், பார்த்தார். இன்னும் கொஞ்சம், பார்த்தார். ஒரு கை சிரிஞ்சில், ஒரு கை நோயாளியின் கழுத்து நாடியில், கண் திரையில்.

நான்கு நிமிடம் யாரும் பேசவில்லை. ஐந்து பேர் ஓர் ஒலியைக் கேட்டுக்கொண்டு நின்றோம். 126. 110. 94. 86.

“ஆரம்பிக்கலாம் சார். அழுத்தம் எட்டுக்கு மேல வேண்டாம், மெதுவா ஏத்துங்க.”

வழக்கமாக 12 வரை வைக்கிற அழுத்தம். எட்டில் இடம் குறைவு, வேலை சிரமம். அறுவை மருத்துவர் அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொண்டு, நாற்பது நிமிடத்தில் முடிக்க வேண்டியதை ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துச் செய்தார். பித்தப்பை வெளியே வந்தது. அந்த நேரம் முழுக்க டாக்டரம்மா உட்காரவில்லை.

தூங்க வைப்பதைவிட எழுப்புவது கடினம் என்பதை அன்றுதான் பார்த்தேன். தசைகளைத் தளர்த்திய மருந்தை முறிக்க, துடிப்பைத் துரத்தாத சுகமாடெக்ஸ் கொடுத்தார். துளையிட்ட இடங்களில் மரத்துப்போகும் மருந்து ஏற்கெனவே போட்டிருந்தார்கள். வலித்தால் ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார், இழுக்காவிட்டால் சளி கட்டும். தலைப்பக்கத்தை உயர்த்தி, தானாக மூச்சு வரும்வரை காத்திருந்தார். வந்தது. இன்னும் காத்திருந்தார். கண் திறந்து, சொன்னதும் கையை அழுத்திய பிறகுதான் குழாயை எடுத்தார். ஆக்சிஜன் அளவு 91 என்று பார்த்த சிஸ்டர் குமிழைத் திருப்பப் போனபோது, “இவங்களுக்கு 92 வரைக்கும் போதும். அதிகமா குடுத்தா கரியமில வாயு ஏறி மறுபடி தூங்கிடுவாங்க” என்றார்.

பிறகு குனிந்து, “அம்மா, ஒரே மூச்சுல எண்ணுங்க பார்ப்போம்” என்றார்.

கரகரத்த தொண்டையில் காற்றும் குரலுமாக வந்தது: “லாபம்… ரெண்டு… மூணு…”

எட்டு வரை வந்தது. டாக்டரம்மா முகக்கவசத்தை இறக்கி, தியேட்டருக்குள் வந்ததிலிருந்து முதல்முறையாகச் சுவரில் சாய்ந்து நின்றார்.

ஒரு இரவு ஐசியூவில் வைத்திருந்தார்கள். மறுநாள் காலை சாய்ந்து உட்கார்ந்தபடி அந்த அம்மா பந்துக் கருவியை இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பந்து ஏறியது. அசிட்ரோம் மறுபடி தொடங்கியது. ஐந்தாம் நாள் வீடு. கேஸ் அடுப்பு வாங்கித் தரச் சொல்லி மகனிடம் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார்.

உங்கள் வீட்டிலும் இதயம் தாளம் தப்பியவர்கள், மூச்சு இளைப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு ஆபரேஷன் என்றால், கத்தி பிடிக்கிறவரைப் பற்றி விசாரிக்கிற அக்கறையோடு மயக்க மருத்துவரையும் முன்கூட்டியே போய்ப் பாருங்கள். போடுகிற எல்லா மாத்திரையையும் எடுத்துப் போங்கள். சீட்டு இல்லாமல் வாங்கியது, நாட்டு மருந்து, பீடி எதையும் மறைக்காதீர்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை அவரே சொல்லட்டும், நீங்களாக முடிவெடுக்காதீர்கள். அவசரமில்லாத ஆபரேஷனை மூன்று வாரம் தள்ளிவைக்கச் சொன்னால் கோபித்துக்கொண்டு வேறு இடம் தேடிப் போகாதீர்கள். அந்த அம்மா உயிரோடு வீடு திரும்பியதில் அந்த மூன்று வாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு.